பிஎம்எக்ஸ் பாணிச் சிறுவர் சைக்கிள்: பத்து மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒன்பது வயது மகனுக்காகச் சென்ற ஜூன் மாதம் திருச்சியில் 7,800 ரூபாய்க்கு வாங்கிய 20 அங்குல பிஎம்எக்ஸ் பாணி சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரையும் தயாரிப்பாளரின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் எந்தப் பெயர் ஒட்டிய வண்டியிலும் கீழே சொல்பவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

1970களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில், மோட்டோகிராஸ் எனப்படும் மண்தடத்து மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களைப் போல மண்மேடுகளில் தாவ ஆசைப்பட்ட சிறுவர்கள் தங்கள் சிறிய சைக்கிள்களைக் கொண்டு தொடங்கியதுதான் பிஎம்எக்ஸ். 2008இல் பெய்ஜிங்கில் அது ஒலிம்பிக் போட்டியாகவும் ஆனது. அந்த விளையாட்டுக்கான அசல் வண்டியில் கியரும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. எடை குறைய வேண்டும், உடையக்கூடிய பாகங்களும் குறைய வேண்டும் என்பதற்காகவே அவற்றை விலக்கி வைத்தார்கள். நம் கடைகளில் அந்த வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விலக்கியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மீண்டும் மாட்டி விற்கிறார்கள்.

நான் வாங்கிய வண்டியில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையான போர்க்கில் ஸ்பிரிங் இருக்கிறது. என் முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினால் அரை அங்குலம் இறங்குகிறது. 26 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது அசைந்தே கொடுப்பதில்லை. வீட்டில் உள்ள எடை பார்க்கும் கருவியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், வெறுங்கையோடு ஒரு முறையும் ஏறி நின்று கணக்கிட்டதில் வண்டியின் எடை 15 கிலோவுக்குச் சற்று அதிகமாக இருந்தது. ஏறத்தாழ எழுபது கிலோ எடையுள்ள நான் நாற்பது கிலோ சைக்கிளை மிதிப்பதற்கு இது சமம். வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்காதது என் தவறு.

அந்த எடையையும் மீறி மகன் மேம்பாலத்தில் இறங்காமல் ஏறிவிடுகிறான் என்றால், அதற்குப் பல்சக்கரங்களின் அளவே காரணம். முன்னால் 36 பற்கள், பின்னால் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி மூன்று மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. பந்தய பிஎம்எக்ஸில் வழக்கமான 44க்கு 16 என்ற அமைப்பில் ஒரே மிதியில் நான்கு மீட்டருக்கு மேல் போகலாம், ஆனால் பள்ளிக்குப் போய்வரும் சிறுவனுக்கு அது கனமான மிதி. இந்த ஒரு விஷயத்தில் தயாரிப்பாளர் யோசித்தே செய்திருக்கிறார் என்று பாராட்டுகிறேன். அகலமான, உயர்ந்த ஹேண்டில்பாரும் அப்படித்தான். அப்பாவின் உயரமான சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய என் போன்றவர்களுக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

இனி என்னை வருத்திய விஷயம். பன்னிரண்டாம் நாள் இடப்பக்கப் பெடல் ஆடத் தொடங்கி, மூன்றாவது வாரம் தெருவிலேயே கழன்று விழுந்தது. பையன் குதித்திருப்பான் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு அருகே சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் துளையைப் பார்த்த மாத்திரத்தில், "இது ஓட்டி உடைஞ்சது இல்ல தம்பி, மாட்டும்போதே போனது" என்றார். மிதிக்க மிதிக்கக் கழலாமல் இருப்பதற்காக இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதை வலப்பக்கத்தைப் போலவே திருகி, ஏறாதபோது ஸ்பானர் போட்டு அழுத்தியிருக்கிறார்கள். துளையின் மரை முழுவதும் வழித்துக்கொண்டு போயிருந்தது. புதிய கிராங்குக்கும் கூலிக்குமாக 450 ரூபாய் ஆனது. அட்டைப் பெட்டியில் பாதி கோத்த நிலையில் வரும் சைக்கிளைக் கடையில்தான் முழுதாக மாட்டுகிறார்கள் என்பதால், ஓட்டிக் கொண்டுவருவதற்கு முன் பெடல்கள், ஹேண்டில்பார், இரு சக்கரங்களின் நட்டுகள் ஆகியவற்றை உங்கள் கண்முன்னே முறுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் லீவர் பெரியவர்களின் கைக்கு ஏற்ற தூரத்தில் இருந்ததால், மகனின் விரல் நுனி மட்டுமே அதைத் தொட்டது. லீவரின் அடியில் இருக்கும் சிறிய திருகை உள்ளே திருகியதும் அது கைக்குள் வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை, கடையில் ஒருவரும் சொல்லவில்லை.

பின் ஆக்சிலின் இருபுறமும் பெக் எனப்படும் உலோகக் குழாய்களை இலவசமாக மாட்டிக் கொடுத்தார்கள். சாகசம் செய்வதற்கான அசல் வண்டிகளில் பின் ஆக்சில் 14 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். இதில் இருப்பது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அந்தக் குழாய்களின் மேல் நண்பனை ஏற்றி நிறுத்திக்கொண்டு மகன் தெருமுனையைத் திரும்பியதைக் கண்ட அன்றே கழற்றிவிட்டேன். மட்கார்டு இல்லாததால் மழைக்காலத்தில் பள்ளிச் சட்டையின் முதுகெல்லாம் சேறு. அதைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டியிருந்தது.

சட்டத்தின் பற்றவைப்புகளில் இதுவரை விரிசலோ துருவோ இல்லை. பின்சக்கரத்தில் ஒரு முறை கோட்டம் எடுத்தோம், இரண்டு பஞ்சர். சீட்டுக் குழாயில் இதற்குமேல் உயர்த்தக் கூடாது என்று பொறித்திருக்கும் கோட்டுக்கு இன்னும் மூன்று விரற்கடை மிச்சம் இருக்கிறது. அவன் வளரும் வேகத்தைப் பார்த்தால் அடுத்த ஜூனில் 24 அங்குல வண்டி தேட வேண்டியிருக்கும், அப்போது ஸ்பிரிங் இல்லாத போர்க்காகப் பார்த்து வாங்குவேன்.