கோடியக்கரை: மதியம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிற கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போகும் முன் நான் இணையத்தில் படித்த கருத்துகளில் பாதி, "ஒண்ணுமே இல்லைங்க, நாலு குதிரையும் ரெண்டு மானும்தான்" என்கிற மாதிரி இருந்தன. போய்வந்த பிறகு அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேளாங்கண்ணிக்கு வந்தவர்கள், மதியம் சும்மாதானே இருக்கிறோம் என்று ஒரு நடை வண்டியை விட்டிருப்பார்கள். எங்களுக்கும் முதல் நாள் அதேதான் நடந்தது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தது வேறு ஊர் மாதிரி இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போனது நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், 68 வயது அத்தை (கணவரின் அம்மா), 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன். அரையாண்டு விடுமுறை, சொந்தக் கார், சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையிலேயே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று போனோம். ஒரே மூச்சில் ஓட்டினால் ஒரு நாளில் போய்ச் சேரலாம், ஆனால் குழந்தைகளையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு அப்படிப் போகாதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் வழியே பாதிப் பயணமாகிவிடும்.

பறவை பார்ப்பது மரக்காணத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அங்கே சாலையை ஒட்டி உப்பளம். மழைக்காலத்தில் உப்பு வாரும் வேலை நின்று பாத்திகளில் தண்ணீர் நிற்கும், அந்த முழங்கால் ஆழத் தண்ணீர்தான் பறவைகளுக்குப் பந்தி. சிவப்புக் குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் நடந்துகொண்டிருந்தன, தூரத்தில் கூழைக்கடாக்கள். பக்கத்தில் இருக்கிற கழுவேலி ஏரியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள் என்று பெண் எங்கோ படித்து வைத்திருந்தாள், நேரம் இல்லாததால் உள்ளே போகவில்லை. ஒன்று மட்டும் கவனம்: அந்தச் சாலையில் வண்டிகள் வருகிற வேகத்துக்கு ஓரத்தில் நிறுத்திவிட்டுக் குழந்தைகளை இறக்கக் கூடாது. நாங்கள் ஒரு டீக்கடை இருந்த அகலமான இடம் வரும்வரை காத்திருந்து நிறுத்தினோம்.

பைனாகுலர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையனுக்கு வாங்கிய பொம்மை மாதிரியானது எதற்கும் உதவவில்லை, அதில் பார்த்தால் கண்தான் வலிக்கிறது. கணவரின் நண்பரிடம் கடன் வாங்கி வந்த, எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 ஒன்றைத்தான் ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டோம். 12, 16 என்று பெரிதாகக் காட்டுவதை வாங்காதீர்கள், கை ஆடும்போது படமும் சேர்ந்து ஆடும், குழந்தைகளால் பிடிக்கவே முடியாது. இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு பொருள் வாங்கப் பணம் இருந்தால் அது 8×42 ஆக இருக்கட்டும்.

முதல் இரவு வழியில் ஓர் ஊரில் தங்கினோம். "கடலைப் பார்த்த அறை" என்று படம் போட்டு முன்பணம் வாங்கியவர்கள், போனதும் பின்பக்கச் சுவரைப் பார்த்த அறையைக் கொடுத்தார்கள். குழாயில் உப்புத் தண்ணீர், ஏசி ஓடவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலாளி ஊரில் இல்லை என்ற பதில். அத்தை அன்று இரவு சரியாகவே தூங்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். முன்பணம் கட்டும் முன் போனில் பேசி, எந்த அறை என்று கேட்டு, இன்றைக்கு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

மறுநாள் தரங்கம்பாடியில் ஒரு மணி நேரம் நின்றோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதற்கு முன்னால் கடல். காற்று அப்படியே முகத்தைக் கழுவுகிறது. வேளாங்கண்ணியைத் தாண்டியபோதே வெயில் ஏறிவிட்டது, கோடியக்கரைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு.

சரணாலயத்தில் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கி, எங்கள் வண்டியிலேயே உள்ளே போனோம். (நேரம், கட்டணம், எந்தப் பாதையில் வண்டி விடுவார்கள் என்பதெல்லாம் மாறக்கூடியவை, போவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.) ஒரு மணி நேரம் சுற்றியதில் குதிரைகளைப் பார்த்தோம், குரங்குகளைப் பார்த்தோம், தூரத்தில் ஒரு புள்ளிமான். அவ்வளவுதான். பசித்ததால் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தது எங்கள் தப்பு. பையன் கையில் இருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது, அவன் பயந்து அழுதுவிட்டான். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாப்பிடுங்கள், இல்லையென்றால் வெளியே வந்து சாப்பிடுங்கள். யாரோ பல வருடமாகக் கொடுத்துப் பழக்கியதன் பலன் இது.

திரும்பும்போது கடைப் பக்கம் நின்ற ஊர்க்காரர் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மதியம் வந்தா என்னக்கா தெரியும்? நிழலுக்குள்ள படுத்துடும். நாளைக்குத் திறந்ததும் வாங்க. வண்டிய நிறுத்தி இன்ஜினை அணைச்சிட்டுப் பேசாம இருங்க, அதுவா வரும்" என்றார். கூட வர முடியுமா என்று கேட்டோம், ஒப்புக்கொண்டார். இந்தப் பயணத்தில் நாங்கள் செலவழித்ததிலேயே நல்ல பணம் அவருக்குக் கொடுத்ததுதான்.

அன்று இரவு வேதாரண்யத்தில் அறை எடுத்தோம். எளிமையான அறை, சுத்தமாக இருந்தது, போதும். சாயங்காலம் வேதாரண்யேசுவரர் கோயிலுக்குப் போனபோது அத்தை குழந்தைகளுக்கு அந்தக் கதவின் கதையைச் சொன்னார்: வேதங்கள் பூசை செய்து அடைத்துவிட்டுப் போன கதவு, அப்பர் பாடப் பாடத் திறந்தது, சம்பந்தர் ஒரே பாட்டில் மூடியது. "அப்பருக்கு மட்டும் ஏன் லேட்டாச்சு பாட்டி?" என்று பையன் கேட்டான். அந்தப் பேச்சு தூங்கும்வரை ஓடியது.

காலை. பனி முழுதாக விலகவில்லை. புல்வெளி ஓரத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தோம். முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை, பையன் நெளிய ஆரம்பித்துவிட்டான். ஊர்க்கார அண்ணன் கையைக்கூட நீட்டாமல், தாடையால் மட்டும் இடதுபக்கம் காட்டினார். நாங்கள் காய்ந்த புதர் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு வெளிமான் கிடா. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிவிட்ட கயிறு மாதிரி இரண்டு கொம்பு. ஒன்றைக் கண் பழகிக்கொண்டதும் மற்றவை தானாகத் தெரிய ஆரம்பித்தன. கொம்பில்லாத, வெளிர்பழுப்பு நிறப் பெண்மான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. பெண் தன் நோட்டில் 43 என்று எழுதினாள்.

அப்புறம் ஒரு குட்டி எதற்கோ மிரண்டது. ஒன்று துள்ளியதும் எல்லாம் துள்ளின. நாலு காலையும் சேர்த்துத் தூக்கி, தரையில் ஸ்பிரிங் வைத்த மாதிரி மேலே எழும்பி எழும்பிப் போன அந்தக் காட்சியை நான் எடுத்த வீடியோவில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் அத்தை "அம்மாடி" என்று மூச்சுக்குள் சொன்னது மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பழைய தமிழில் இரலை, புல்வாய் என்றெல்லாம் சொன்னது இந்த மானைத்தான். 1967-ல் இந்தச் சரணாலயத்தை அமைத்ததே முக்கியமாக இதைக் காப்பாற்றத்தான். திறந்த புல்வெளி இல்லையென்றால் இது பிழைக்காது. ஓடித் தப்பிக்கிற விலங்கு இது, புதர் அடர்ந்துவிட்டால் ஓட இடமில்லை. சீமைக்கருவேலம் பரவுவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று அங்கே நின்று பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

குதிரைகள் விஷயத்தில் வீட்டில் சண்டையே வந்தது. அவை காட்டுக் குதிரைகள் இல்லை. எப்போதோ மனிதரிடம் வளர்ந்து, பிறகு தன்போக்கில் திரிந்து பெருகியவை. மான் மேய்கிற அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. "அப்போ குதிரையை வெளியே அனுப்பணுமா?" என்று பெண் கேட்டாள், அவளுக்குக் குதிரை உயிர். கணவர் ஆமாம் என்றார், நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. அண்ணன், "ரெண்டுமே இந்த ஊரோடதுதான் பாப்பா, புல்லுதான் ஒண்ணா இருக்கு" என்றார்.

காட்டுக்குள் பல இடங்களில் சாய்ந்த மரங்கள் இன்னும் கிடக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்த வேதாரண்யம் பக்கம்தான். பாலை மரங்கள்தான் இந்தக் காட்டுக்கு அடையாளம். வறண்ட பூமியிலும் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற காடு. அண்ணன் சின்ன வயதில் பாலைப்பழம் பொறுக்கித் தின்ற மரங்கள் எவை எவை விழுந்தன என்று போகிற வழியெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். ராமரின் காலடி என்று சொல்லப்படும் ராமர் பாதம் இருக்கிற மேட்டில் அத்தை யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் அந்தச் சின்ன உயரத்திலிருந்தே வெகுதூரம் தெரிகிறது.

பூநாரைக்காக (ஃபிளமிங்கோ) வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் உப்பளத்தை ஒட்டிய சதுப்புப் பக்கம் அண்ணன் கூட்டிப்போனார். படங்களில் வருகிற மாதிரி பக்கத்தில் நிற்காது. வெறும் கண்ணுக்குத் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு, பைனாகுலரில்தான் அது பறவையாகும். நல்ல மழை பெய்து தண்ணீர் ஆழமாகிவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடும், ஏனென்றால் காலால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து அலகால் வடிகட்டித் தின்கிற பறவை அது. எங்களுக்கு அதிர்ஷ்டம், நூற்றுக்கணக்கில் இருந்தன. சில மட்டும் ஏன் சாம்பல் நிறம் என்று பையன் கேட்டான். இளையவை அப்படித்தான் இருக்கும், தின்கிற தீனியிலிருந்து சிவப்பு ஏற வருடங்கள் ஆகும் என்றதும் வீட்டுக்கு வரும்வரை பீட்ரூட் சாப்பிட்டான்.

என் மனதில் நின்றது பூநாரைகூட இல்லை. கரையோரச் சேற்றில் எலிக்குஞ்சு மாதிரி ஓடிக்கொண்டிருந்த கொசு உள்ளான்கள். ஒரு கைப்பிடி எடைகூட இருக்காது, வடதுருவப் பக்கத்துப் பனிநிலத்தில் பிறந்து இவ்வளவு தூரம் பறந்து வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்கிறார்கள், பறவை ஆய்வாளர் சாலிம் அலியே வந்து வேலை செய்த இடம். 2002-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் சேர்ந்த ஈரநிலமும் இதுதான். இவ்வளவு பெரிய இடத்தை "ஒண்ணுமே இல்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது எனக்கு மனசு கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடக்கத் தொடங்கியவர்கள், 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். பக்கத்திலேயே இன்றைக்கும் உப்பளங்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்ததை அந்த மண்ணில் நின்று பார்த்த பெண், தூணில் இருந்ததை முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: பெட்ரோல், தண்ணீர், மருந்து எல்லாம் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கொசு அதிகம், முழுக்கை சட்டை போடுங்கள். பளிச்சென்ற நிறம் வேண்டாம். உள்ளே இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். பறவைக்கு என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை, மானுக்கு மட்டும் என்றால் மார்ச்சிலிருந்தும் நன்றாகத் தெரியும் என்றார் அண்ணன், ஆனால் வெயில் தாங்கவேண்டும். ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள்.

என் மதிப்பெண் 5-க்கு நாலரை. முதல் நாள் மதியத்தோடு திரும்பியிருந்தால் ரெண்டுதான் கொடுத்திருப்பேன்.

ஆமை முட்டையிடுகிற பருவத்தில் வனத்துறை முட்டைகளைப் பொறுக்கிப் பாதுகாப்பான மணலில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்களாம். அதற்காக மார்ச்சில் மறுபடியும் போகிறோம். வேதாரண்யத்தில் அதே அறையைச் சொல்லிவைத்தாகிவிட்டது, அத்தைக்குத் தனியாக ஒரு 8×42 வாங்கியாகிவிட்டது.