ப்ரோட்டியஸ்: மூன்று வருடம் நடந்த பிறகு

நேற்று ஹெட்போன் திருத்தி வந்தது. இடது பக்கம் செத்து நாலு மாதம். டவுனில் ஒரு தம்பி வயரை ஒட்டிக் கொடுத்து 800 ரூபா வாங்கினார். வந்த கையோடு ப்ரோட்டியஸைப் போட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது, நாலு மாதமாக இந்தக் கேமுக்கு எவ்வளவு அநியாயம் செய்திருக்கிறேன் என்று.

2013இல் எட் கீயும் டேவிட் கனாகாவும் செய்த கேம் இது. ஒரு தீவு, நாலு பருவம். நடக்கலாம், உட்காரலாம், அவ்வளவுதான். கிராபிக்ஸ் பற்றிக் கேட்காதீர்கள், பிக்சல் எல்லாம் கட்டி கட்டியாக இருக்கும். நான் சொல்ல வந்தது சத்தத்தைப் பற்றி. தவளைக்குப் பின்னால் போனால் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சுரம் விழும். நேற்று அது இடது காதிலிருந்து வலது காதுக்குத் தாவிப் போனது. நான் கதிரையிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

மட்டக்களப்புக் கல்லடிக்காரனுக்கு இது ஒன்றும் புதிதல்ல. முழுநிலவுப் பறுவ இரவில் வாவிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்திருக்கிறேன். தண்ணீருக்கடியில் பாடுவது மீனா, ஊரி என்கிற சிறு சங்கா என்று அப்பப்பா காலத்துச் சண்டை இன்னும் முடியவில்லை. சத்தம் வந்தால் மட்டும் தோணியில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு நண்பன். "மச்சான், வெல்ல ஒன்றுமில்லையே, இது என்ன கேம்?" என்றான். 2010இல் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நேரெதிராகச் சொன்னார்: கேம் என்றால் வெல்லலாம், அதனால் அது கலையாகாது. இரண்டு பேரையும் ஒரே தோணியில் ஏற்றி விடலாம். விடிய விடியக் கூத்து நடக்கும் களரியில் இது கலையா என்று யாரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை. நித்திரை வந்தவர்கள் பாயை விரித்துப் படுத்தார்கள், கோப்பி வந்தால் எழும்பினார்கள்.

சரி, இப்போது என் கோபம். ஒவ்வொரு தடவையும் தீவு புதிதாக உருவாகும். பிடித்த இடத்தை வைத்துக்கொள்ள ஒரு தபாலட்டைப் படம் எடுக்கலாம். அந்தப் படத்தின் பிக்சல்களுக்குள்ளேயே தீவு ஒளிந்திருக்கும், படத்தைத் திறந்தால் அதே இடத்தில் நிற்பீர்கள். கெட்டித்தனமான வேலை. போன வருடம் இரண்டு குன்றுக்கு நடுவே நிலவு ஏறும் ஒரு வசந்த இரவு கிடைத்தது. லாப்டாப்பை போர்மட் பண்ண முன் படத்தை போனுக்கு அனுப்பி வைத்தேன். அனுப்பிய செயலி படத்தைச் சுருக்கிவிட்டது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, கேமுக்கு மட்டும் அது வெறும் படம். இப்படி ஒரு சேமிப்பு முறை வைத்தவர்கள் ஒரு எச்சரிக்கை வரியைக் கண்ணில் படுகிற மாதிரிப் போட்டால் என்ன?

பனிக்காலம் வந்தால் தீவு மௌனமாகிவிடும், அதையும் சொல்லி வைக்கிறேன். முதல் தடவை நான் ஹெட்போன் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன்.

கலையா என்றால் கலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாங்கட்டுமா என்று கேட்ட நண்பனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை இன்றைக்கும் இரண்டு தரம் திறக்கப் பார்த்தேன்.