கெயிட் பெல்ட்: வகுப்பறையில் வாங்கியது, வார்டில் இன்னும் என் இடுப்பில்

பிசியோதெரபி முதுகலையில் சேர்ந்த முதல் வாரத்தில் வாங்கச் சொன்ன சாமான்களில் மூன்று நினைவிருக்கின்றன: மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டர், முட்டியில் தட்டி நரம்பின் அனிச்சையைப் பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் சுத்தியல், ஒரு கெயிட் பெல்ட். முதல் இரண்டையும் ஆசையோடு தேர்ந்தெடுத்தேன். பெல்ட்டை மட்டும் பட்டியலில் இருக்கிறதே என்று வாங்கினேன். இன்று மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம். சுத்தியல் அலமாரியில் இருக்கிறது. கட்டக் கூடாத சிலரைத் தவிர, பெல்ட் இல்லாமல் நான் எந்த நோயாளியையும் முதல் தடவை எழுப்பி நிறுத்துவதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது நோயாளியின் இடுப்பில், உடைக்கு மேலே கட்டுகிற பட்டை. அவர் எழுந்து நடக்கும்போது நாம் அதைப் பிடித்துக்கொள்வோம். என்னுடையது கெட்டி நெசவுப் பருத்தி, 2 அங்குல அகலம், 60 அங்குல நீளம், ஒரு முனையில் பல் வைத்த உலோக பக்கிள். பட்டையின் நுனியை முதலில் பல் இருக்கும் பக்கமாக நுழைத்து இழுக்க வேண்டும். அப்புறம் மடக்கி அடுத்த துளையில் விட வேண்டும். மாற்றி நுழைத்தால் பார்வைக்குக் கட்டியது போலவே இருக்கும், ஆனால் பாரம் விழுந்தவுடன் சரசரவென்று நழுவும். முதல் பயிற்சி வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவர் பெல்ட்டையும் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். பாதிப் பேருடையது கழன்று அவர் கையோடு போனது. என்னுடையதும்தான்.

வகுப்பில் ஒருவர் நோயாளி, ஒருவர் தெரபிஸ்ட் என்று மாற்றி மாற்றிப் பழகினோம். அதில் ஒரு குறை உண்டு. கூடப் படிப்பவர் நல்ல கால் உள்ளவர், உண்மையில் விழ மாட்டார். அதனால் ஆசிரியர் 'நோயாளி'யின் காதில் ரகசியமாகச் சொல்லிவைப்பார்: நாலாவது அடியில் முட்டியைத் தளர்த்திவிடு. அப்படி என் தோழியின் முழு எடையும் திடீரென்று பட்டையில் இறங்கிய அன்றுதான் ஒன்று புரிந்தது. இது தூக்குவதற்கான சாதனமே இல்லை. விழுகிறவரை அந்தரத்தில் நிறுத்திவைக்கப் பார்த்தால் பட்டை விலா எலும்பு வரை ஏறிவிடும், நம் முதுகும் போய்விடும். ஒரு காலை முன்னே வைத்து, அவரை நம் பக்கம் சேர்த்துக்கொண்டு, நம் தொடை வழியாக மெதுவாகத் தரைக்கு இறக்க வேண்டும். விழுதலை மெதுவாக்குவதுதான் இதன் வேலை.

மருத்துவமனைக்கு வந்த பிறகு அதே பட்டை வேறு பொருளாகிவிட்டது. வகுப்பில் கட்டியது பனியன் போட்ட இடுப்பில். இங்கே டிரிப் குழாய் ஒரு பக்கம், சிறுநீர்ப் பை ஒரு பக்கம், நடுவில் பயந்துபோன ஒரு மனிதர். எழுவதற்கு முன் குழாய்களை ஒரே பக்கம் ஒதுக்கத் தெரிவதற்கே எனக்கு ஒரு மாதம் ஆனது.

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், ஒரு பெரியவரை எழுப்பினேன். படுத்திருந்தபோதும் உட்கார்ந்த பிறகும் பி.பி. சரியாகத்தான் இருந்தது. பெல்ட் கட்டி, இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கினேன். நின்றதும் மறுபடி ஒரு பிடி இறுக்கினேன் (நிற்கும்போது வயிறு இறங்கிப் பட்டை தளரும், இதைப் பலர் மறக்கிறார்கள்). வாக்கரைப் பிடித்து மகள் வீட்டுக் கதை பேசிக்கொண்டே மூன்று அடி வைத்தார். நாலாவது அடியில் பேச்சு நின்றது. முகத்தை நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் கைக்குத் தெரிந்துவிட்டது, பட்டை கனத்தது, பின்பக்கமாகச் சாய்ந்தது. "ஐயா, உட்காருங்க, நாற்காலி பின்னாலேயே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இறக்கினேன். உதவியாளர் அண்ணன் நாற்காலியைத் தொட்டாற்போல் தள்ளி வந்திருந்தார். மேல் உதட்டில் முத்து முத்தாக வேர்வை. பி.பி.யில் மேல் அளவு 30 இறங்கியிருந்தது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். அது கையில் எப்படிக் கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காலைத் தூக்கி வைத்து, சற்று நேரத்தில் தெளிந்ததும் அவர் சொன்னார்: "எனக்குக் கண்ணு இருட்டிடுச்சும்மா. ஆனா நீ பிடிச்சிருந்தது தெரிஞ்சுது."

இதற்காகவே இந்தப் பொருளுக்கு முழு மதிப்பெண் தருவேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெல்ட் இல்லாதபோது எல்லோரும் அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குகிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு அது கெடுதல். செயலிழந்த பக்கத்தில் தோள் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகளுக்கு வலு இருக்காது, கை எலும்பு மூட்டிலிருந்து ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கலாம். அந்தக் கையை ஒரு தடவை இழுத்தால் வரும் வலி, மாதக்கணக்கில் பயிற்சியையே தடுத்துவிடும். பலவீனமான பக்கம், அரை அடி பின்னால் நின்று, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பட்டைக்குக் கீழிருந்து பிடியுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

எல்லோருக்கும் கட்டலாமா என்றால், கூடாது. வயிற்றில் புதுத் தையல், மலம் சேர வயிற்றில் ஒட்டிய பை, வயிறு வழியாக உணவுக் குழாய், விலா எலும்பு முறிவு என்று எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடமோ பிசியோவிடமோ கேளுங்கள்.

குறை என்று சொன்னால் பருத்திதான். வேர்வை, மருந்து, எல்லாம் ஊறும். துணியைக் கிருமிநாசினியால் துடைத்தால் போதாது, துவைத்துக் காய வைத்தால்தான் சுத்தம். ஒரே பருத்திப் பட்டையை ஐந்து கட்டில்களுக்குக் கொண்டுபோவது சரியில்லை. எங்கள் வார்டில், தொற்று உள்ளவர்களை வைக்கும் தனிமை அறைகளுக்குத் தனித்தனி பட்டை. மற்ற இடங்களுக்கு, துடைக்கக்கூடிய வினைல் மேற்பரப்பும் பிளாஸ்டிக் பக்கிளும் உள்ள ஒன்றை நானே வாங்கினேன். டக்கென்று மாட்டலாம், துடைத்து அடுத்தவரிடம் போகலாம். ஆனால் ஓரம் விறைப்பு. மெலிந்த பாட்டிமார்களின் இடுப்பெலும்பில் உறுத்தும், உள்ளே மடித்த துண்டு வைக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது மாதத்தில் பக்கிளின் பிடி தளர்ந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். அடுத்து வாங்கியது கைப்பிடிகள் தைத்தது. பக்கவாத நோயாளிகளுக்கு இதுதான் என் தேர்வு, கை நழுவுவதே இல்லை. உடல் பருமனானவர்களுக்கு 60 அங்குலம் போதாது, 72 அங்குலம் பார்த்து வாங்குங்கள்.

மாணவர்கள் பருத்தியும் உலோக பக்கிளும் உள்ளதையே வாங்குங்கள். விரல் பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. என் பழைய பட்டை நிறம் போய், நுனி பிரிந்து, இப்போது நோயாளிகளுக்குப் பயன்படுவதில்லை. பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாள் அதைக் கொடுத்து என் இடுப்பில் கட்டச் சொல்கிறேன். கட்டி முடித்ததும், "இப்ப நல்லா இழுத்துப் பாரும்மா" என்பேன். போன வாரம் வந்த பெண்ணின் கையோடு பட்டை கழன்று வந்தது. பல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மறுபடி நுழைத்தாள், நான் கேட்பதற்கு முன்பே அவளே இழுத்துப் பார்த்தாள்.