மருத்துவக் காப்பீட்டு அட்டையும் பல்லுக்குப் போடும் கம்பியும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் காட்டிப் பிள்ளைகளின் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ள முடியுமா என்று வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பல பெற்றோர் கேட்கிறார்கள். என் மகளுக்காக இதே கேள்வியோடு அலைந்தவள் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதற்கு அட்டை உதவாது, அரசு பல் மருத்துவமனை உதவும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் இத்திட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இதய அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்காமல் வீடு திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்பவற்றுக்கு, இன்ன தொகை என்று வகுத்துத் தருவதே இதன் அமைப்பு. விபத்தில் தாடை எலும்பு முறிந்தாலோ, குழந்தை மேல்வாய் பிளந்திருக்கும் அன்னப்பிளவோடு பிறந்தாலோ இந்த அட்டை கைகொடுக்கும். மாதம் ஒருமுறை வெளிநோயாளியாகச் சென்று, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை கம்பியைச் சிறிது சிறிதாக முறுக்கிக்கொள்ளும் சிகிச்சைக்கு அதில் இடமில்லை.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை என்பதே என் வருத்தம். நாங்கள் முதலில் சென்ற தனியார் மருத்துவமனையில், "அட்டை இருக்குல்லம்மா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி எக்ஸ்ரே எடுத்துப் பல் அச்சும் எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பணம் வாங்கிக்கொண்ட பிறகுதான், கிளிப்புக்குக் காப்பீடு கிடையாது, 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என் கணவரின் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் அது கட்டாது.

அதன் பிறகே கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றோம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாக 1953-இல் தொடங்கிய இந்நிறுவனத்தில், கம்பி போட்டுப் பல் வரிசையைச் சரிசெய்யும் பல் சீரமைப்புக்கென்றே தனித்துறை இருக்கிறது. பேராசிரியர்களின் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் சிகிச்சை செய்கிறார்கள். மாணவர்கள்தானே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவர்கள் அவசரப்படுவதில்லை. என் மகளின் மேல்வரிசைப் பற்கள் துருத்திக்கொண்டிருந்ததால் உதடு மூடாமல் வாய் எப்போதும் உலர்ந்திருந்தது. பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயை விளக்கொளியில் பிடித்து, தாடை எங்கே நிற்கிறது, இப்படித் துருத்திய பல் கீழே விழுந்தால் ஏன் எளிதில் உடையும் என்பதை அந்த இளம் மருத்துவர் அவளிடமே விளக்கினார். இடம் போதாமல் முன்கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்க வேண்டும் என்றதும் பயந்துபோனவள், காரணம் புரிந்த பின் தானே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கம்பியின் முனை கன்னத்தை உரசிப் புண்ணானபோது, மெழுகை உருட்டி, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டின் மேல் ஒட்டிக்கொள்ளக் கற்றுத்தந்ததும் அவர்தான். எங்களுக்கு ஆன செலவு, தனியாரிடம் கேட்ட தொகையில் ஒரு சிறு பகுதியே.

பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறைக்க மாட்டேன். எந்தப் பயிற்சி மருத்துவமனையானாலும், மருத்துவர் வரச்சொன்ன முறைநாள் வந்தால் காலைப்பொழுதை முழுமையாக ஒதுக்கிவிட வேண்டியதுதான். தினக்கூலிக்குச் செல்லும் தாய்க்கு அது ஒரு நாள் வருமான இழப்பு, பிள்ளைக்கு அரைநாள் பள்ளி இழப்பு. முதுநிலைப் படிப்பு மூன்றாண்டுகள் என்பதால், நடுவில் படிப்பை முடித்துச் செல்பவர் உங்கள் பிள்ளையை அடுத்தவரிடம் ஒப்படைக்க நேரலாம். சிகிச்சைக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

காப்பீட்டுத் திட்டத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பல் வரிசை சற்றுப் பிசகியவர்கள் எல்லோருக்கும் அரசு பணம் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அன்னப்பிளவு அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைக்கும், மெல்லவே சிரமப்படும் அளவுக்குத் தாடை பொருந்தாத பிள்ளைக்கும் கம்பி போடுவது அழகுக்காக அல்ல. அறுவை சிகிச்சைக்குத் தொகை தரும் திட்டம், அதைத் தொடர்ந்து வரும் பல் சீரமைப்பையும் பட்டியலில் சேர்த்தால்தான் அந்தச் சிகிச்சை நிறைவடையும்.

நிலைப்பற்கள் பெரும்பாலும் முளைத்துவிடும் 12, 13 வயதில் பிள்ளையை ஒருமுறை அரசு பல் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். கம்பியைக் கழற்றிய பின், பற்களை அதே இடத்தில் நிறுத்திவைக்கத் தரும் ரிடெய்னரைச் சொன்ன காலம் வரை போடாவிட்டால் பற்கள் மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால், அந்தக் கடைசிக் கட்ட முறைநாள்களையும் தவறவிடாதீர்கள்.