கல்முனைப் பக்கம் இந்தப் படத்துக்குக் காசு கட்டப்போகிறீர்களா? இதை வாசித்துவிட்டுக் கட்டுங்கள்

பழைய மாளிகை, கையில் மெழுகுதிரியோடு ஒரு பெண், கீழே ‘காதலும் திகிலும், பெரிய திரையில்’ என்று எழுதிய போஸ்டர் ஒன்று கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. போன மாதம் மட்டக்களப்பில் அதே போஸ்டரை நம்பிக் காசு கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஆளுக்கு 1500 ரூபா. அம்மா, தங்கச்சி, நான், மூன்று பேருக்கும் 4500. முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டுத் துண்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அம்மா படம் பார்க்க வெளிக்கிட்டதே பெரிய விஷயம். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்றால் அவருக்கு உயிர். 1963இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். வின்சென்டின் ஒளிப்பதிவையும் நம்பியாரின் ஜமீன்தாரையும் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வியப்பார். “அந்த மாதிரிப் பழைய வீட்டுப் படம்தானம்மா” என்று தங்கச்சி சொன்னதும், முழங்கால் நோவோடு களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினார்.

போய்ப் பார்த்தால் அது தியேட்டரே இல்லை. கலியாண மண்டபம். பிளாஸ்டிக் கதிரைகள், மேடையில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, ரியூஷன் வகுப்பில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன மல்டிமீடியா புரொஜெக்டர். காட்சி பிற்பகல் 3 மணிக்கு. யன்னல்களுக்கு மெல்லிய திரைச்சீலைதான் போட்டிருந்தார்கள். வெளியே நல்ல வெயில்.

இந்த வகைப் படத்துக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் படாத இடம்தான் திரையில் கறுப்பாகத் தெரியும். யன்னல் வெளிச்சம் துணியில் விழுந்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். பகிடிப் படமென்றால் சமாளித்துப் பார்க்கலாம். பழைய மாளிகை, மர்மம், திகில் என்று போகிற இந்தக் கோதிக் படம் கதை சொல்வதே இருட்டை வைத்துத்தான்.

அந்தப் பெண் முதன்முதலாக நள்ளிரவில் படியேறுகிற காட்சி வந்தது. போஸ்டரில் போட்டதே அதைத்தான். திரையில் தெரிந்தது ஒரு மஞ்சள் புள்ளி மட்டும். படி இல்லை, சுவர் இல்லை, அவளுடைய முகம் கூட இல்லை. அம்மா என் கையைப் பிடித்து, “என்ன மனே, திரி மட்டும் எரியிது, ஆளக் காணல்லயே” என்றார். முன் வரிசையில் ஒருவர் எழும்பித் திரைச்சீலையை இழுத்துப் பார்த்தார். அது யன்னலின் பாதிக்குத்தான் வந்தது.

சரி, இருட்டைத்தான் கெடுத்தார்கள், கதையாவது முழுதாக வந்ததா? பூட்டிய அறைக்கு முன்னால் நின்றவள் அடுத்த நொடி கடற்கரையில் அழுதுகொண்டிருந்தாள். 3.15க்குத் தொடங்கிய படம் 4.50க்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து தேடினால் படத்தின் நீளம் 2 மணி 5 நிமிடம். அரை மணி நேரத்தை வெட்டியிருக்கிறார்கள். கேட்டபோது, “குடும்பங்கள் வருதுதானே, அதான் சில சீன் எடுத்தோம்” என்றார்கள். அப்படியென்றால் அதைக் காசு வாங்க முதல் சொல்லியிருக்க வேண்டும். போஸ்டரில் ‘முழுப் படம்’ என்றே போட்டிருந்தார்கள்.

குற்றம் முழுக்க மண்டபத்தில்தான் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, மாதக் கட்டணம் கட்டுகிற தளத்தில் இரவில் விளக்கை அணைத்துவிட்டு முழுப் படத்தையும் பார்த்தோம். மனசு இன்னும் விட்டுப்போனது. 1764இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலை எழுதிய காலத்திலிருந்தே இந்தக் கதைகளில் வீடுதான் முதல் பாத்திரம். அரச அலுவலகமான கச்சேரிக்கு ஏதோ அலுவலாக மட்டக்களப்பின் பழைய கோட்டைக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தடித்த சுவர்களுக்கு நடுவில் நடந்தாலே குரல் தானாகத் தணிந்துவிடும். இந்தப் படத்தில் வீடு வெறும் பின்னணித் துணி. கணவன் மேல் அந்தக் கதாநாயகிக்கு ஏன் அவ்வளவு ஆசை என்பதைக் காட்ட ஒரு நடனமும் இரண்டு முத்தமும் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆசை ஆழமாக இருந்தால்தானே அவன் மேல் சந்தேகம் வரும்போது நமக்கும் வயிறு கலங்கும்? அதற்குப் பதிலாகப் பத்து நிமிடத்துக்கொரு தடவை காதைப் பிளக்கிற சத்தத்தோடு ஒரு உருவம் பாய்கிறது. அவளுடைய இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அதை அத்தனை தடவை கிட்டத்தில் காட்டினார்கள். கடைசியில் அறைக் கதவு தானாகத் திறக்கிறது, அந்தச் சாவிகளுக்கு ஒரு வேலையும் இல்லை. உடுப்புகள் மட்டும் மிக அழகு, அதை மறுக்கமாட்டேன்.

காசைத் திருப்பிக் கேட்டோம். “படம் போட்டோம்தானே” என்பதுதான் பதில். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரத்தில் ஆட்களைத் தவறாக நம்பவைப்பதைத் தடை செய்கிறது. நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. புகாரை எழுதி, வங்கித் துண்டையும் போஸ்டரையும் சேர்த்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு வந்தவர்கள் உங்கள் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

கல்முனைக்காரர்கள் காசு போட முதல் தியேட்டரா மண்டபமா, எத்தனை மணிக் காட்சி, படம் எத்தனை நிமிடம் ஓடும் என்று கேளுங்கள். நேற்றுத் தங்கச்சி புதுப் போஸ்டரில் இருந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டாள். “தியேட்டர் மாதிரியே இருக்கும் தங்கச்சி, 3 மணிக்கு வாங்க” என்றார்கள். எத்தனை நிமிடம் என்று கேட்டதும் லைனைக் கட் பண்ணிவிட்டார்கள்.