பொரியல் சட்டியும் கரண்ட் கிரில்லும்: மூன்று வருஷக் கணக்கு

2022ஐ இலங்கையில் நாங்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். காஸ் சிலிண்டருக்கு விடியச் சாமத்திலேயே வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் பின்வளவில் பழையபடி மூன்று கல் வைத்து விறகு எரித்தோம். அந்த வருஷக் கடைசியில் தோஹாவிலிருந்து லீவில் வர இருந்த தம்பி, "அக்கா, என்ன கொண்டு வர?" என்று கேட்டான். காஸ் இல்லாமல் சமைக்கிற மாதிரி ஏதாவது கொண்டு வா என்றேன். நான் மனதில் வைத்திருந்தது ஒரு இன்டக்ஷன் அடுப்பு. அவன் தூக்கிக்கொண்டு வந்ததோ கரண்ட் கிரில். புத்தகம் மாதிரி திறந்து மூடலாம், உள்ளே மேலும் கீழும் வரி போட்ட கறுப்புத் தட்டு, முன்னால் எண்ணெய் வடிய ஒரு சின்னத் தட்டம், 2000 வோட். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன கா புள்ள, உடுப்பு அயர்ன் பண்ற சாமானா இது?" என்றார்.

இப்போது அதற்கு மூன்று வருஷம் முடிந்துவிட்டது. கிழமைக்கு மூன்று நாலு தரமாவது பாவிக்கிறோம். புதிதாக வாங்கியவர்கள் முதல் கிழமையில் எழுதுகிறதை நம்பி யாரும் காசைக் கொட்டக் கூடாது என்பதால் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை, இந்த வகை எல்லாம் வேலை செய்கிற விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் மாதமே ஒரு ப்ளக்கை எரித்தேன். எங்களுடையது பழைய வீடு, குசினியில் இருந்தது 5 அம்பியர் உருண்டைப் பின் ப்ளக். கிரில்லுக்கு 13 அம்பியர் சதுரப் பின். கடையில் ஒரு அடப்டர் வாங்கி மாட்டிவிட்டு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். 2000 வோட்டை 230 வோல்ட்டால் பிரித்தால் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் வரும், அதை 5 அம்பியர் ப்ளக்கில் இழுத்தால் என்ன நடக்கும் என்பது எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். நாலாம் நாள் அடப்டர் உருகி, குசினி முழுக்க பிளாஸ்டிக் மணம். பிறகு கரண்ட் வேலை செய்கிற தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, 13 அம்பியர் ப்ளக் ஒன்று போட்டோம். என் தம்பி தோஹாவிலிருந்து சும்மா கொண்டு வந்த சாமானுக்கு அப்படித்தான் செலவு தொடங்கியது. பழைய வீட்டில் இருப்பவர்கள் கிரில் வாங்க முதல் ப்ளக்கைப் பாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அப்பாவுக்கு 15 வருஷமாகச் சீனி வருத்தம். எனக்குக் கொலஸ்ட்ரோல் கூட. இப்படி இருந்தும் மதியச் சோற்றோடு ஒரு பொரியல் இல்லாவிட்டால் அப்பா சோற்றில் கையே வைக்க மாட்டார். சூரைப் பொரியல், பாரைப் பொரியல், அதுவும் இல்லாத நாளில் கத்தரிக்காய்ப் பொரியல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி அளவில் இருக்கிறது, அது தேங்காயெண்ணெய் என்றாலும் வேறு எண்ணெய் என்றாலும். அதைவிட, தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. பொரித்த எண்ணெயை வடித்து வைத்து அடுத்த நாளும் பொரிக்கிற வழக்கம் வேறு. மாதம் நாலு போத்தல் எண்ணெய் முடிந்த வீட்டில் இப்போது இரண்டு போத்தலே மிஞ்சிக் கிடக்கிறது. கிரில்லால் வந்த நன்மை என்று அடித்துச் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்.

பெட்டியில் போட்டிருந்த 'கொழுப்பு வடிந்துவிடும்' கதை பாதி உண்மை. தட்டு முன்பக்கம் சரிந்திருப்பதால் தோலோடு வைக்கிற ப்ராய்லர் கோழியிலிருந்து நன்றாகவே வடியும், சில நாள் தட்டம் பாதி நிறைந்துவிடும். ஆனால் பாரையிலும் இறாலிலும் வடிய என்ன இருக்கிறது? அங்கே லாபம், நாங்கள் எண்ணெய் ஊற்றாமல் விட்டது மட்டும். இப்படி முன்னால் வழிந்து ஓடவிடுகிற கிரில்லை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஜோர்ஜ் ஃபோர்மன் என்ற குத்துச்சண்டைக்காரர், முகம்மது அலியிடம் 1974இல் தோற்றாரே, அவரேதான். 1994இல் அவர் பெயரில் வந்த கிரில் 10 கோடிக்கு மேல் விற்றது. அதே வருஷம் 45 வயதில் மறுபடி உலகச் சம்பியனும் ஆனார். அந்தக் கதையைச் சொல்லித்தான் அப்பாவை முதல் துண்டு சாப்பிட வைத்தேன்.

முதல் துண்டு நன்றாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொச்சிக்காய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய் என்று பொரிக்கிறதுக்குப் பிரட்டுகிற மாதிரியே பிரட்டி, சூடேறாத தட்டில் வைத்துவிட்டேன். ஒட்டிப் பிடித்து, தோல் தட்டிலும் சதை என் கரண்டியிலுமாக வந்தது. அப்புறம் பழகிக்கொண்டது இதுதான்: மூடி வைத்து ஐந்து நிமிஷமாவது வெறுமனே சூடாக்க வேண்டும், மீன் துண்டின் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தட்டில் இல்லாமல் மீனில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பூச வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரம் சூடு படுவதால் விரல் மொத்தப் பாரைத் துண்டுக்கு ஆறு ஏழு நிமிஷம் போதும். இறாலுக்கு மூன்று. கணவாய்க்கு இரண்டு, மூன்றாவது நிமிஷத்தில் அது சிலிப்பர் ஆகிவிடும். தேசிக்காய்ப் புளியை முன்கூட்டி ஊற்றி ஊறவிட்டால் மீன் வெளிறி உதிர்கிறது, அதனால் இறக்கிய பிறகுதான் பிழிகிறேன்.

கோழிக்கு எங்கள் எருமைத் தயிரை விட்டால் வேறு ஒன்றும் தேவையில்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு கடையில் போத்தல் சோஸ் தேடி அலைவது பாவம். சட்டித் தயிரில் மேலே நிற்கிற தண்ணியை வடித்துவிட்டு, கெட்டித் தயிரில் உள்ளி, இஞ்சி, மிளகு, கறித்தூள் சேர்த்து இரவே பிரட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், மறுநாள் ப்ராய்லர் தொடைச் சதை பஞ்சு மாதிரி வரும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம். எலும்போடு மட்டும் வைக்காதீர்கள். எலும்பு முட்டிக்கொண்டு மேல் தட்டு சரியாக மூடாது, வெளியே சிவந்துவிடும், வெட்டினால் எலும்படியில் இரத்தம். கோழியின் நடுச் சதை 74 பாகை செல்சியஸ் தொட வேண்டும், நான் பிறகு ஒரு சின்னச் சமையல் வெப்பமானி வாங்கிக்கொண்டேன். ஊர்க்கோழி இதற்குச் சரிவராது, ஒரு முறை செய்து பார்த்து என் வீட்டுக்காரர் பல்லுக் குத்தியபடியே அரை மணித்தியாலம் இருந்தார். சீனி, தேன் சேர்த்த எதுவும் வேண்டாம், கருகும். கருகின துண்டை வீரம் காட்டிச் சாப்பிடவும் வேண்டாம்: இறைச்சி, மீன் கடுஞ்சூட்டில் கருகும்போது உண்டாகிற சில பொருட்கள் உடம்புக்குக் கூடாதவை, எண்ணெய் விடவில்லை என்பதற்காக அது ஆரோக்கியச் சாப்பாடு ஆகிவிடாது.

கத்தரிக்காய்தான் நான் எதிர்பாராத வெற்றி. கத்தரிக்காய் எண்ணெயை எப்படி உறிஞ்சும் என்று எல்லாருக்கும் தெரியும். அதைத் தடிப்பாக வெட்டி, உப்புப் போட்டுப் பிழிந்து, கிரில்லில் எட்டு நிமிஷம் வைத்து எடுத்து, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தயிர் போட்டுப் பிசைந்தால் சோற்றுக்கும் சரி பிட்டுக்கும் சரி. வெண்டிக்காய் முழுசாக வைத்தால் வழவழப்பு இல்லாமல் வரும். கறிமிளகாய் நல்லது. வற்றாளங்கிழங்கை முதலில் அரை அவியல் அவித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் ரொட்டியும் சுட்டுப் பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் ஓட்டில் சுட்டது மாதிரி இல்லை. பாண் சுடலாம், முந்தின நாள் சூரை வைத்திருக்காவிட்டால். மகன் ஒரு நாள் ஜாம் பூசிய பாணைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கருவாடு ஒரே ஒரு தரம் வைத்தோம். அயலட்டை எல்லாம் வந்து விசாரித்தது.

உண்மையில் இந்த மூன்று வருஷத்தில் சமையலைவிட மாறியது நான் மீன் வாங்குகிற விதம். தேங்காய்ப்பால், புளி, கறித்தூள் எல்லாம் போட்டு ஆணம் காய்ச்சினால் ஒரு நாள் ஐஸில் கிடந்த மீனும் மானத்தோடு தப்பிவிடும். பொரித்தாலும் அப்படித்தான், மொறுமொறுப்பில் மறைந்துவிடும். கிரில் எதையும் மறைக்காது. உப்பும் மிளகும் மட்டும் போட்டு வைத்தால் நேற்றைய மீன் நேற்றைய மீனாகவே வாயில் வரும். இரண்டு மூன்று தரம் ஏமாந்த பிறகு பின்னேரம் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மீன் வாங்குவதை விட்டேன். இப்போது காலையில் வேலைக்குப் போக முதல் வாவிக்கரைப் பக்கமோ கடற்கரையில் கரைவலை இழுக்கிற இடத்துக்கோ போகிறேன். செவுளைத் திறந்து பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. முன்பு அரைக் கண்ணால் பார்த்து, "ரெண்டு கிலோ போடுங்க அண்ணே" என்றவள்தான் நான். முக்கியமாகச் சூரை. அது வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ஒன்று கூடிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து தடித்து ஆசுபத்திரிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கரையில் வாங்கி, உடனே வெட்டிக் கழுவி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு. இதனால் காலையில் அரை மணித்தியாலம் போகிறது, மீன்காரரோடு வாய்த்தர்க்கமும் கூடிவிட்டது. ஆனால் மீன் நல்ல மீன்.

கரண்ட் பில். 2023 பெப்ரவரியில் கட்டணத்தை 66 சதவீதம் கூட்டினார்கள், அப்போது கிரில்லைக் கட்டிலடியில் தள்ளிவிட இருந்தேன். பிறகு மீட்டரைப் பார்த்து எழுதி வைத்தேன். சூடாக்குவதோடு சேர்த்து அரை மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட் போகும் என்று நினைத்தோம், ஆனால் சூடு ஏறினதும் தானாகவே நின்று நின்று எரிவதால் அரை யூனிட் அளவுதான் போனது. மாதம் ஏழெட்டு யூனிட். ஏற்கெனவே 60 யூனிட்டைத் தாண்டின வீட்டுக்கு அது பெரிய பாரமில்லை. 60க்குள் பிடித்து வைத்திருக்கிற வீடு என்றால் கவனம், எல்லையைத் தாண்டினால் கட்டணப் பிரிவே மாறி, பில் ஏறிவிடும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காஸ் அடுப்படியில் நிற்காமல் இருக்கலாம் என்பதற்கே நான் அந்தக் காசைக் கொடுப்பேன்.

இனிக் குறைகள். எங்கள் கிரில்லில் தட்டைக் கழற்ற முடியாது. தண்ணீரில் போடவும் முடியாது. சூடு ஆறுவதற்குள் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், ஆறவிட்டால் சுரண்டல்தான். ஒரு நாள் நான் இல்லாத நேரம் அம்மா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தும்பும் சாம்பலும் போட்டு, பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மினுக்கிவிட்டார். இரவு ப்ளக்கைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து உயிர் வந்தது, ஆனால் கீழ்த்தட்டில் பூச்சு போன இடம் அன்றிலிருந்து பெரிதாகிக்கொண்டே போகிறது. அம்மாவை ஏசவும் முடியாது, "அழுக்கா கிடந்திச்சு புள்ள" என்கிறவரை என்ன சொல்ல. இப்போது சிரட்டை அகப்பை, மரக்கரண்டி தவிர வேறு எதுவும் அதற்குள் போவதில்லை. வெறும் தட்டைச் சூடாக்கிவிட்டு மறந்துபோவதும் கூடாது. இந்த ஒட்டாத பூச்சு 260 பாகைக்கு மேல் போனால் சிதையத் தொடங்கும், அந்தப் புகை மனிதரைவிடப் பறவைகளுக்குத்தான் பொல்லாதது, கொன்றேவிடும். மகளின் லவ் பேர்ட்ஸ் கூடு குசினி விறாந்தையில் தொங்கியது, அதை முன் மாமரத்துக்கு மாற்றினோம்.

உப்புக் காற்றில் பின் கீல் துருப்பிடித்து மேல் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. தட்டத்தை இரவே கழுவாவிட்டால் விடியும்போது எறும்புப் படை. ஒரே நேரத்தில் நாலு துண்டுதான் வைக்கலாம், நாங்கள் ஆறு பேர், ஆகவே கடைசித் துண்டு வேகும்போது முதல் துண்டு ஆறிவிட்டிருக்கும். விருந்தாளி வந்தால் கிரில்லைத் தொடுவதே இல்லை.

அப்பாவின் சீனி குறைந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதல் ஆறு மாதம் அசையவே இல்லை. கிளினிக்கில் டொக்டர், "ஐயா, மீனைச் சுட்டுத் தின்னுறீங்க சரி, சோறு எத்தனை கோப்பை?" என்று கேட்ட பிறகு சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரைச் சுண்டலும் கத்தரிக்காயும் வைத்தோம். அப்புறம்தான் இறங்கத் தொடங்கியது. என் கொலஸ்ட்ரோல் கொஞ்சம் குறைந்தது, அதில் பொரியலை விட்டதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன், மாலையில் கடற்கரையில் நடக்கத் தொடங்கியதும் அதே நேரம்தான்.

இது பழுதானால் இன்னொன்று வாங்குவேனா என்றால், வாங்குவேன். தட்டைக் கழற்றிக் கழுவக்கூடியதாக, கொஞ்சம் பெரியதாகப் பார்த்து. தம்பி வருகிற சித்திரைக்கு வருகிறான், இந்த முறை படம் அனுப்பிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பொரியல் சட்டி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல், அன்றைக்கு வாழைக்காய்ப் பொரியல், அதைக் கிரில்லில் வைக்கப் போனால் அப்பா என்னைக் குசினிக்குள்ளேயே விடமாட்டார்.