மரத்துக்கு முழு மதிப்பெண், உலோகத்துக்கு முட்டை

நான் பல் லேபில் வேலை பார்ப்பவன். கிரவுன், பிரிட்ஜ், செட் பல் எல்லாம் செய்கிறேன். ஒரு கிரவுன் மயிரிழை உயரமாகப் போய்விட்டாலும், போட்டுக்கொண்டவர் மறுநாளே தாடையைப் பிடித்தபடி டாக்டர் முன்னால் வந்து நிற்பார். டாக்டர் என்னைக் கூப்பிடுவார். 22 வருஷமாக இப்படியே போனதில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மட்டம் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. ஒரு பொம்மைப் படகுக்கு இந்த ஆள் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறான் என்று படிக்கும்போது தோன்றினால், காரணம் இதுதான். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், அது வேறு விஷயம்.

வாங்கியது பத்தில் ஒரு பங்கு அளவில் ஓர் எலெக்ட்ரிக் ஹைட்ரோபிளேன் கிட். ஹைட்ரோபிளேன் என்றால் தண்ணீரை உரசிக்கொண்டு பறப்பது போல ஓடுகிற பந்தயப் படகு. நீளம் சுமார் 85 செ.மீ. லேசரில் வெட்டிய பிர்ச் பிளைவுட் பாகங்கள், என்ஜின் மூடிக்கு ஒரு பிளாஸ்டிக் அச்சு, ஸ்டிக்கர் தாள், ஓட்டுநர் பொம்மை, அப்புறம் ஒரு பையில் ஹார்டுவேர்: சுக்கான், ப்ராப்பின் தண்டைத் தாங்குகிற ஸ்ட்ரட், மோட்டாரின் சுழற்சியை ப்ராப்புக்குக் கொண்டுபோகிற ஃப்ளெக்ஸ் கேபிள், திருப்பத்தில் படகு வழுக்காமல் பிடிக்கிற டர்ன் ஃபின் தகடு, நைலான் ப்ராப் (படகைத் தள்ளுகிற விசிறி). மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சி, பேட்டரி, ரேடியோ எல்லாம் நம் பொறுப்பு. தயாரித்தவர்களின் பெயரைப் போடவில்லை. இரண்டு மூன்று பேர் நடத்துகிற சின்ன இடம். குறைகளை அவர்களுக்கே எழுதியாயிற்று. எந்தக் கிட் வாங்கினாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான் என்பதால் பெயர் இல்லாமலே இது பயன்படும்.

இதற்கு மாதிரியான நிஜப் படகு 1973-இல் வந்த 'பே அண்ட் பேக்'. அமெரிக்காவின் அன்லிமிடெட் ஹைட்ரோபிளேன் பந்தயங்களை ஒரு காலம் ஆண்ட படகு. தேன்கூடு போன்ற அலுமினியத் தகட்டில் செய்த உடல், உள்ளே போர் விமானத்துக்கென்று வந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின், பின்னால் இரண்டு வால்களுக்கு நடுவே படுக்கையாக ஒரு சிறகு. வடிவமைத்தவர் ரான் ஜோன்ஸ். 1973, 74, 75 மூன்று வருஷமும் தேசிய சாம்பியன். ரான் ஜோன்ஸின் அப்பா டெட் ஜோன்ஸ் வடிவமைத்த 'ஸ்லோ-மோ-ஷன் 4' தான் 1950-இல் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைல், அதாவது 258 கி.மீ. வேகத்தைத் தொட்டது. அதன் சூட்சுமம் எளியது. முன்னால் இரண்டு பக்கமும் மிதவை போல நீண்டிருக்கும் ஸ்பான்சன்கள் தண்ணீரை லேசாகத் தொடும். பின்பக்கத்தை ப்ராப்பே தூக்கிப் பிடிக்கும். ப்ராப்பில் பாதி தண்ணீருக்குள், பாதி காற்றில். மூன்று புள்ளியில் நிற்கிற முக்காலி மாதிரி. முக்காலியில் ஒரு கால் குட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மர வேலை பிரமாதம். ஒவ்வொரு பிரேமின் அடியிலும் ஒரே உயரத்துக்குத் தற்காலிகக் கால்கள் விட்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பலகை மேல் நிறுத்தினால் மொத்தக் கூடும் தானாக மட்டத்துக்கு வருகிறது. ஒட்டி முடித்தபின் கால்களை உடைத்து எடுத்துவிடலாம். இதை யோசித்தவர் கையால் நாலு படகாவது கட்டியிருப்பார். காடிகள் எல்லாம் இறுக்கம், ஆனால் சுத்தியல் தேவைப்படவில்லை. லேசர் கரித்த விளிம்புகளை மட்டும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு எபாக்ஸி போடுங்கள். கரி மேல் பசை சரியாகப் பிடிக்காது. மேல்தகடு ஒட்டுவதற்கு முன் உள்பக்கம் முழுக்க மெல்லிய எபாக்ஸி பூசியாக வேண்டும், ஸ்பான்சன் அறைகளில் நுரைத் துண்டுகள் அடைக்க வேண்டும். இந்த இரண்டையும் கையேடு சொல்லவே இல்லை. நுரை இல்லாமல் தண்ணீர் புகுந்தால் படகு அடிக்குப் போய்விடும், கூடவே பேட்டரியும் ஈஎஸ்சியும்.

கூடு முடிந்ததும் பழக்கதோஷத்தில் அடிப்பக்கம் மட்டம் பார்த்தேன். லேபில் கடி பார்க்க ஒரு நீலத்தாள் வைத்திருப்போம். பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னால் எங்கே மேடோ அங்கே நீலப்புள்ளி விழும். அதையே கண்ணாடிப் பலகை மேல் விரித்து, ஸ்பான்சன் அடியை மெல்ல வைத்து ஒரு முறை இழுத்தேன். வலது ஸ்பான்சனில் பின்விளிம்பு நெடுக ஒரே சீராக நீலக்கோடு. இடதில் உள்மூலையில் மட்டும் ஒரு பொட்டு. கேலிப்பரை எடுத்துப் பிரேம்களை அளந்தால், இடது பக்கத்து எஃப்3 பிரேம் ஒரு மூலையில் 1 மி.மீ. குறைவாக வெட்டுப்பட்டிருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. ஸ்பான்சனின் ஓடுதளம் 130 மி.மீ. நீளம். அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட அரை டிகிரி. மொத்தமே மூன்று டிகிரி சாய்வில் தண்ணீரைச் சந்திக்கிற தளம் அது. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டரை என்றால் வேகம் எடுத்ததும் படகு ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடும், நேர்கோட்டிலேயே சுக்கானைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டிவரும். எபாக்ஸியில் மைக்ரோபலூன் என்கிற நிரப்புப் பொடி கலந்து பூசி, கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, நீலத்தாள் வைத்து வைத்துத் தேய்த்து, இரண்டு பக்கமும் ஒரே கோடு விழும்வரை மூன்று இரவு போயிற்று. கிரவுனுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை என்று என் மனைவி சொன்னாள்.

அடுத்தது என் தப்பும் கையேட்டின் தப்பும் கைகோத்த இடம். "எல்லா விளிம்புகளையும் மழுங்கத் தேய்க்கவும்" என்று போட்டிருக்கிறது. எங்கள் தொழிலில் கூர்விளிம்பு விட்டால் நாக்கு கிழியும், ஆகவே சந்தோஷமாக மழுக்கினேன். முதல் நாள் தண்ணீரில் விட்டால் படகு எழவே மாட்டேன் என்கிறது. பாதி வேகம்வரை போய், முக்கி முனகி, தண்ணீரை இழுத்துக்கொண்டே கிடக்கிறது. கரையில் நின்ற என் மச்சினன், "என்ன மாமா, எருமையைக் குளிக்க விட்ட மாதிரி இருக்கு" என்றான். ஜாடியின் வாய் மழுங்கியிருந்தால் ஊற்றும்போது தண்ணீர் தனியாக விழாமல் அடியோடு ஒட்டி வழிகிறதல்லவா, அதேதான் இங்கேயும். ஸ்பான்சனின் அடி விளிம்பும் படகின் பின்விளிம்பும் கத்தி போல இருந்தால்தான் தண்ணீர் வெட்டிக்கொண்டு விலகும். மேலே தெரிகிற விளிம்புகளை வேண்டுமானால் மழுக்குங்கள், அடியில் தொடாதீர்கள். மறுபடி எபாக்ஸி, மறுபடி கண்ணாடி, இன்னும் இரண்டு இரவு.

சரி, ஹார்டுவேர் பைக்கு வருவோம். வருத்தத்தோடு சொல்கிறேன், அது தண்டம்.

சுக்கானில் மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கிற துளையின் உள்ளே பிசிறு எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓடும்போது பக்கவாட்டுக் குழாயிலிருந்து நூல் போலத்தான் தண்ணீர் வந்தது. பல்லில் துளை போடுகிற பர் ஒன்றைச் செருகிச் சுற்றியதும் பீய்ச்சி அடித்தது. ஐந்து நிமிஷ வேலை. ஃப்ளெக்ஸ் கேபிள் சுமாரானது. ஆனால் ப்ராப்பைப் பிடித்துச் சுழற்றுகிற டிரைவ் டாகை ஸ்ட்ரட்டோடு ஒட்ட வைத்து இறுக்கச் சொல்கிறது கையேடு, அதுதான் அபாயம். திருகுவிசை ஏறும்போது கேபிள் முறுக்கிக்கொண்டு நீளத்தில் குறையும். இடைவெளி விடாவிட்டால் டாக் போய் ஸ்ட்ரட்டின் புஷ்ஷை, அதாவது தண்டு சுழல்கிற வளையத்தை, அரைக்கும். எனக்கு அரைத்தது. இரண்டாவது ஓட்டத்தில் வேகம் தானாகக் குறைய, எடுத்துப் பார்த்தால் பித்தளை புஷ் சூட்டில் நிறம் மாறியிருந்தது. இப்போது 4 மி.மீ. இடைவெளி விடுகிறேன், ஒவ்வொரு நாள் முடிவிலும் கேபிளை உருவித் துடைத்து கிரீஸ் போடுகிறேன்.

டர்ன் ஃபின் இன்னொரு வேடிக்கை. நிஜ ஹைட்ரோபிளேன்கள் இடப்பக்கம் திரும்பி ஓடுபவை, ஃபின் இடது ஸ்பான்சனில் இருக்கும். மாடல் படகுப் பந்தயங்களில் பெரும்பாலும் வலப்பக்கம், கடிகார முள் போகிற திசையில்தான் ஓடுவார்கள். ஃபின் வலது ஸ்பான்சனில் இருந்தால்தான் திருப்பத்தில் தண்ணீரைக் கவ்விப் பிடிக்கும். கிட்காரர்கள் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று இடதில் துளை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அலமாரியில் வைக்க அது சரி, பந்தயத்துக்கு ஆகாது. வலதில் உள்ளே ஒரு பிளைவுட் பட்டை ஒட்டித் துளையிட்டேன்.

நைலான் ப்ராப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முழு வேகத்தில் அதன் இறகுகள் வளைகின்றன. ஆக்டூரா எக்ஸ்442 ஒன்று வாங்கினேன். 42 என்பது மி.மீ. கணக்கில் விட்டம், 4 என்பது விட்டத்தைப் போல 1.4 மடங்கு பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறுகிற தூரம். பெரிலியம் காப்பர் வார்ப்பு. கூர் தீட்டி, சமன் செய்து நாம்தான் தயார் பண்ண வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிலியம் தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். எங்கள் தொழிலில் சில வார்ப்பு உலோகங்களில் பெரிலியம் கலந்திருந்த காலம் உண்டு, அதனால் இந்தப் பயம் எனக்குள் ஊறியது. காய்ந்த நிலையில் அரைக்கவே கூடாது. தண்ணீருக்குள் வைத்து, தண்ணீர்த்தாளில், முகமூடியோடு தேய்த்தேன். கழுவின தண்ணீரையும் துடைத்த துணியையும் தூசி பறக்காமல் மூடித்தான் அப்புறப்படுத்தினேன். பயமாக இருந்தால் தீட்டிச் சமன் செய்து விற்கிறவர்களிடம் வாங்கிவிடுங்கள்.

ஓட்டுநர் பொம்மையின் முகம் வெயிலில் உருகின மெழுகு மாதிரி இருந்தது. செட் பல்லுக்கு வைத்திருந்த அக்ரிலிக்கில் புதுத் தலை செய்தேன். சிரிக்கிறார், பல் வரிசை ஏ1 ஷேடு, நல்ல வெளுப்பு. ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓட்டம் எப்படி? 36 மி.மீ. விட்டத்தில் 1800 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1800 சுற்று), 4எஸ், அதாவது நாலு செல் லிப்போ பேட்டரி. கணக்குக்கு 14.8 வோல்ட், நிமிஷத்துக்கு 26,000 சுற்றுக்கு மேல். ப்ராப் வழுக்காமல் திருகு போலப் போனால் மணிக்கு 94 கி.மீ. வர வேண்டும். வோல்டேஜ் இறங்குவதும் வழுக்குவதும் போக ஜிபிஎஸ் காட்டியது 68. பத்தில் ஒரு பங்கு என்பதால் பத்தால் பெருக்கிவிடக் கூடாது. அலையும் தண்ணீரும் பார்க்கிற கணக்கில் பத்தின் வர்க்கமூலத்தால், அதாவது 3.16-ஆல் பெருக்க வேண்டும். 215 கி.மீ. வருகிறது. அதனால்தான் பின்னால் எழும் நீர்வாலும் திருப்பத்தில் அடிக்கிற தெறிப்பும் பழைய பந்தயப் படங்களில் பார்ப்பது போலவே இருக்கின்றன. என் மகள் செல்போனில் மெதுவாக ஓடும்படி எடுத்த வீடியோவில், ஸ்பான்சன்கள் இரண்டும் ஒரே சமயத்தில் தண்ணீரைத் தட்டித் தட்டிப் போகின்றன. அந்த மூன்று இரவும் எங்கே போயிற்று என்று அதில் தெரிகிறது.

எதிர்காற்றில் இரண்டு முறை மூக்கைத் தூக்கி மல்லாந்தது. அடியில் புகுந்த காற்று இறக்கையைத் தூக்குவது போலத் தூக்கிவிடும். நிஜப் பந்தயத்தில் இதே மாதிரி கவிழ்ந்துதான் 1981-இல் பில் மன்சியும் அடுத்த வருஷம் டீன் செனோவெத்தும் உயிரை விட்டார்கள். எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடி போன்ற விமானிக் கூண்டை ஓட்டுநர் மேல் மாட்டுகிற வழக்கம் அதன் பிறகுதான் வந்தது. நம் நஷ்டம் ஒரு ஸ்டிக்கரும் அரை டம்ளர் தண்ணீரும். பேட்டரியை 15 மி.மீ. முன்னால் தள்ளியபின் மூன்றாவது தடவை நடக்கவில்லை. ஆனால் பேட்டரி தட்டில் அதற்கு மேல் நகர்த்த இடமே கிடையாது, இன்னும் இரண்டு விரல் விட்டிருக்கலாம்.

கிளப் பந்தயத்தில் ஆறு படகு. தொடக்கம் நின்ற இடத்திலிருந்து அல்ல. சுற்றிக்கொண்டே இருந்து, கடிகாரம் பூஜ்யம் அடிக்கிறபோது கோட்டைக் கடக்க வேண்டும். முதல் ஹீட்டில் ஒரு படகு நீளம் முந்திவிட்டேன், தண்டனை. இரண்டாவதில் மூன்றாம் இடம். மற்றவர்கள் கலக்கிவிட்ட தண்ணீரிலும் இந்த உடல் தடுமாறாமல் போனது. வாங்கியதற்கு அதுவே போதும் எனக்கு. ஓட்டி முடித்தபின் மோட்டார் சூடு 58 டிகிரி, தேவலை.

முதல் கிட் இது என்றால் வாங்காதீர்கள். ஒரு படகாவது கட்டிய கை என்றால் கட்டாயம் வாங்கலாம், ஹார்டுவேருக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு. எஃப்3 விஷயத்தைப் படத்தோடு எழுதினேன்; இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, வெட்டு ஃபைலைத் திருத்திவிட்டோம் என்றார்கள். மகளுக்கென்று இன்னொன்று கேட்டேன், ஹார்டுவேர் இல்லாமல் வெறும் மரம் மட்டும். விலையைக் குறைத்துக்கொண்டு அனுப்பினார்கள். பெட்டி வந்ததும் முதல் வேலையாக எஃப்3-ஐ அளந்தேன், இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. அடியில் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் அந்த நைலான் ப்ராப்.